ஆறு பாறை

சாண்டோய் தீவின் மேற்குக் கரையில்
அலை அறைகிற பாறைகளில் நூற்று இருபது,
கிழக்கே, காற்றுக்கு மறைந்த வளைகுடாவில் நூற்று இருபது:
கூம்புத் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு
கல்லைக் கவ்வியிருக்கும் ஒட்டுச்சிப்பிகள்.
ஒவ்வொன்றின் உயரமும் அரை மில்லிமீட்டர் பிசகாமல்
ஈரக் குறிப்பேட்டில் பென்சிலால்.
செப்டம்பர் முழுக்க முழங்கால் தேய்ந்தது.
இப்போது நவம்பர். நாலு மணிக்கே இருட்டு.
திங்கட்கிழமைக்குள் பேராசிரியருக்கு ஒரு வரி அனுப்ப வேண்டும்:
எந்தச் சோதனை, ஏன்.

டி-சோதனை என்னைக் கேட்டது:
உன் எண்கள் மணிபோல் கவிழ்ந்திருக்கின்றனவா?
வரைந்து பார்த்தேன்.
கிழக்கு, மணியேதான். தட்டினால் ஒலிக்கும்.
மேற்கு, ஒரு பக்கம் வாலை நீட்டிப் படுத்திருக்கும்
நனைந்த செம்மறி.
மடக்கை எடு என்றது பாடநூல்.
எடுத்தேன். ஆடு வாலைக் கொஞ்சம் சுருட்டிக்கொண்டது.
சிதறல் சமமா என்று பார்க்க ஒரு சோதனை,
அந்தச் சோதனையை நம்பலாமா என்று பார்க்க
வேறொன்று.

மான்-விட்னியிடம் போனேன்.
அது யாருடைய உயரத்தையும் விசாரிக்கவில்லை.
குட்டையிலிருந்து நெட்டை வரை வரிசையில் நில்லுங்கள் என்றது
உடற்பயிற்சி வகுப்பு மாதிரி.
இருநூற்று நாற்பதும் நின்றன.
பி மதிப்பு: சுழியம், புள்ளி,
மூன்று சுழியம், அப்புறம்தான் ஒரு ஏழு.
டி-சோதனையைத் திரும்பக் கேட்டேன். அதுவும் தலையாட்டியது.
எதைக் கேட்டாலும் ஆமாம் போடுகிறவர்களிடம்
எனக்கு எப்போதும் கொஞ்சம் பயம்.

அடுப்பில் பைனிர் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தான்.
படகுத்துறையில் கயிறு கட்டுகிறவன்;
செப்டம்பரில் நான் கடலுக்குள் போகாமல்
என் இடுப்புக் கயிற்றையும் பிடித்திருந்தவன்.
முள்கரண்டியால் ஒரே ஒரு கிழங்கைக் குத்தினான்.
"வெந்தாச்சு."
"மற்றதெல்லாம்?"
"ஒரே பானைதானே, ரான்வா."

சிரித்தேன்.
பாதியில் சிரிப்பு நின்றது.

குறிப்பேட்டின் ஓரத்தில் என் கையெழுத்தே இருக்கிறது:
பாறை ஒன்று, நாற்பது.
பாறை இரண்டு, நாற்பது.
ஒரு பாறையின் நாற்பதும்
ஒரே அலையிடம் அடி வாங்கி, ஒரே பாசியை மேய்ந்து,
எப்போதாவது வரும் ஒரே வெயிலில் காய்ந்தவை.
ஒரு பானையில் நாற்பது முறை குத்திவிட்டு
நாற்பது பானை வெந்தது என்று
ஊரையே பந்திக்கு அழைத்திருக்கிறேன்.

மேற்கே மூன்று பானை.
கிழக்கே மூன்று.

ஆறு சராசரிகள். மின்கட்டண உறையின் முதுகே போதுமானதாக இருந்தது.
மறுபடி மான்-விட்னி.
மேற்கின் மூன்றும் கீழே, கிழக்கின் மூன்றும் மேலே,
ஒன்றுகூட வரிசை மாறி நிற்கவில்லை.
இதைவிடச் சுத்தமாக எதுவும் பிரிய முடியாது.
அப்படியும் அது சொன்னது: பத்தில் ஒன்று.
மூன்றுக்கு மூன்று என்றால்
அதற்குக் கீழே இறங்க அதனிடம் படியே இல்லை.

கணினியில் அந்த ஏழு இன்னும் இருக்கிறது,
சுழியங்களின் பின்னால் பதுங்கி.
கோப்புக்கு 'பொய் என்று சொல்ல முடியாது' எனப் பெயர் வைத்தேன்.
அழிக்கவில்லை. அனுப்பவுமில்லை.

பேராசிரியருக்கு எழுதினேன்:
எந்தச் சோதனை என்பதை நான் செப்டம்பரிலேயே
தெரியாமல் தேர்ந்தெடுத்துவிட்டேன், குனிந்த இடங்களில்.
ஆறு இடம்.

பைனிர் தட்டில் வெண்ணெயை வழித்துப் போட்டான்.
"இன்னும் எத்தனை பாறை?"
"பதினான்கு. ஒவ்வொன்றிலும் ஐந்து சிப்பி போதும்."
வாய் நிறையக் கிழங்கோடு கணக்குப் போட்டான்.
"எழுபதா? அப்போது இருநூற்று நாற்பது எதற்கு?"
பதில் சொல்லாமல் உப்பு கேட்டேன்.

மேற்கில் காற்று நொடிக்கு இருபத்திரண்டு மீட்டர்.
புதன்வரை இறங்காதாம்.
கயிறு இன்னும் கூடத்தில் தொங்குகிறது,
நுனி மட்டும் ஈரமாக.